இருநூற்றுப் பன்னிரண்டாம் வாய்

வேப்பங்குச்சி நல்லதா, பற்பொடி நல்லதா என்று போகிற இடமெல்லாம் என்னைக் கேட்கிறார்கள். எதுவானாலும் தேய்த்தால் சரி என்பேன். நீங்களும் உட்கார்ந்ததும் அதைத்தான் கேட்டீர்கள். விசாரணை அதிகாரிகளுக்கும் பல் இருக்கிறது என்பதில் சந்தோஷம்.

மயிலாப்பூரில் உள்ள எங்கள் தர்ம ஆஸ்பத்திரியில் நான் பல் டாக்டர். எழுபத்தைந்தாம் வருஷம் பெரிய டாக்டர் சிதம்பரநாதன் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். வாய் கெட்டால் இதயமும் கெடும் என்று நிரூபிக்க வேண்டும். நோயாளி ஒருவருக்கு இரண்டு அட்டை; ரோஸ் அட்டையில் வாய், வெள்ளை அட்டையில் பெயரும் உடம்பும், எல்லாம் ஓட்டைகளாக. கிண்டியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் அவற்றை ஜோடி ஜோடியாகப் படித்து உண்மையைச் சொல்லும். அட்டைப் பெட்டிக்குச் சந்தனம் வைத்து, பெரிய டாக்டர் தம் கையால் தேங்காய் உடைத்தார். தண்ணீர் தெறித்து முதல் நான்கு நோயாளிகள் ஊறிப்போனார்கள். அவர்களுக்கு வேறு அட்டை போட்டோம்.

பெட்டியைக் கொண்டுபோகும் பொறுப்பு என்னுடையது. அடையாறில் பஸ் மாறும்போது அது கைதவறி விழுந்தது. அட்டைகளின் மேல் எழுத்தில் பெயரோ எண்ணோ கிடையாது, ஓட்டைகள் மட்டும்தான். எனக்கு ஓட்டை படிக்கத் தெரியாது. ரோஸுக்கு ஒரு வெள்ளை என்று அடுக்கிக் கொடுத்துவிட்டேன். இப்படித்தான் ஒருவர் உடம்போடு இன்னொருவர் வாய் சேர்ந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அடுக்கு பார்க்க லட்சணமாகவே இருந்தது.

முடிவும் பிரமாதமாக வந்தது. அதில் ரத்தினம், இருநூற்றுப் பன்னிரண்டாம் நோயாளி பேச்சியம்மாள். இதயம் மகா மோசம், வாயில் ஒரு பல்கூட இல்லை. டில்லியிலிருந்து, ஆராய்ச்சிகளைச் சரிபார்க்கும் கமிட்டி எழுதியது: இரண்டு மாதத்தில் வருகிறோம், அந்த அம்மாளை நேரில் பார்க்க வேண்டும்.

பேச்சியம்மாள் ராயப்பேட்டை மார்க்கெட்டில் கருவாடு விற்பவள். இதயம் மோசம்தான். பற்கள் இருபத்தெட்டு, ஒவ்வொன்றும் கருங்கல்.

பெரிய டாக்டரிடம் லேசாகச் சொல்லிப் பார்த்தேன்.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணுமாய்யா? நீர்தான் சரியா எண்ணியிருக்க மாட்டீர். போய் இன்னொரு தரம் பாரும்."

போய்ப் பார்த்தேன். இருபத்தெட்டுதான். இனி எதைத் திருத்துவது? முடிவுகள் டில்லிக்குப் போய்விட்டன. வாய் ராயப்பேட்டையிலேயே இருந்தது.

"இன்னா டாக்டரே, பல்லு நல்லாத்தானே கீது, எதுக்குப் புடுங்கணும்ன்றே?" என்றாள்.

"உன் நெஞ்சு வலிக்கு இதுதான் காரணம்மா."

"நான் கரும்ப முழுசா கடிச்சி துப்பறவ. நீ கடிப்பியா, சொல்லு?"

"என்னால் முடியாது."

"அப்ப உன்னுத மொதல்ல புடுங்கிக்கோ நைனா." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு கேட்டாள்: "மெய்யாலுமே நெஞ்சு வலி பூடுமா?"

பூடும் என்றேன். வாயைத் திறந்தாள். நான்கு திங்கட்கிழமைகள், தடவைக்கு ஏழு. நல்ல வேர், ஒவ்வொன்றுக்கும் தோள்பட்டை கழன்றது. என் சிரமத்தைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை.

கமிட்டி வந்தது. மூன்று பெரியவர்களும் வரிசையாக அவள் வாய்க்குள் டார்ச் அடித்து, மகாபலிபுரத்துக்குச் சுற்றுலா வந்தவர்கள் போலத் தலையாட்டினார்கள். அவள் உடம்பு கொதித்ததை ஒருவரும் கவனிக்கவில்லை; கமிட்டியின் வேலை பல் எண்ணுவது. பெரிய டாக்டருக்குச் சால்வை போர்த்தினார்கள். போட்டோவில் பேச்சியம்மாள் ஓரத்தில் இருக்கிறாள், கன்னம் ஒட்டி.

காய்ச்சல் சாயங்காலம் சாயங்காலம் வந்தது. மூன்றாம் வாரம் இறந்துபோனாள். மகள் சரோஜாதேவி வந்து, "எங்கம்மாவுக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டாள். இதயம் என்றேன். பொய்யில்லை. பல் பிடுங்கிய புண் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறி, பழுதான இதயத்தில் போய்த் தங்கிவிட்டது. வாய்க்கும் இதயத்துக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு அந்த ஆராய்ச்சியில் கிடைத்த உண்மையான சாட்சி அவள் ஒருத்திதான். இதை ஒருவரும் பாராட்டவில்லை.

அவளுடைய கேஸ் ஷீட்டில், 'பல் எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே பென்சிலின் போட வேண்டும்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்ததைப் படித்தேனா என்கிறீர்கள். படித்தேன். நான்கு வாரமும் படித்தேன். பென்சிலினுக்குச் சீட்டு எழுதினால் அதில் தேதி விழும். ஆராய்ச்சிக்கு முன்பே இல்லாத பற்களை ஆராய்ச்சிக்குப் பிறகு எடுத்ததாக ஆஸ்பத்திரியில் ஒரு காகிதம் இருக்கலாமா? அதனால் போடவில்லை. செத்துப்போகலாம் என்று தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மற்ற நோயாளிகள் இருநூற்றுச் சொச்சம் பேர். அவர்கள் வாயை இன்னும் ஒருவரும் சரிபார்க்கவில்லை. கமிட்டி மறுபடி வருவதாக இருந்தால் எனக்கு ஒரு மாதம் முன்னதாகச் சொல்லச் சொல்லுங்கள், போதும்.