பரிசு என்று எழுதாதீர்கள்

பொம்மைக்குத் தலை வாரும்போது நுனியிலிருந்துதான் தொடங்க வேண்டும். வேரிலிருந்து சீப்பை இழுத்தால் முடி கொத்தாகக் கையோடு வந்துவிடும். நேற்று என் வீட்டுக்கு வந்த உங்கள் பெண் காவலர் அந்தப் பொம்மையைத் தலைமுடியைப் பிடித்துத்தான் தூக்கிக்கொண்டு போனார். அவரிடம் கொஞ்சம் சொல்லிவையுங்கள், தம்பி. மற்றபடி எனக்கு யார் மேலும் குறை இல்லை. எல்லோரும் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

நீங்களும் மரியாதையாகத்தான் பேசினீர்கள். "பெரியம்மா, செத்துப்போன எர்னாவோட மக ஜெர்மனியிலேர்ந்து அந்தப் பொம்மையைக் கேக்கறா. ஆனா அவங்கம்மா அதை உங்களுக்குப் பரிசாக் குடுத்தாங்கன்னு உங்க பக்கத்து வீட்டுல சொல்றாங்க. நீங்களும் அப்படியே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டீங்கன்னா பொம்மை உங்ககிட்டயே வந்துடும்" என்றீர்கள். நல்ல மனசோடுதான் சொன்னீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்லப்போனால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லிவிடுகிறேன்.

நான் பல் செட் செய்கிறவள். இந்தக் கரகந்தாவில் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து ஏறி வந்த பாதிப் பேருடைய வாயில் என் கைவேலை இருக்கிறது. அதே மெழுகும் சாந்தும் பொம்மைகளுக்கும் உதவும் என்று சீக்கிரமே தெரிந்துகொண்டேன். உடைந்த விரல், மழுங்கிய மூக்கு, எதுவானாலும் ஒட்டியது தெரியாமல் ஒட்டிவிடுவேன். பிள்ளைகள் இல்லை. கணவர் போன பிறகு முன்பக்கத்து இரண்டு அறைகளையும் பொம்மைகளுக்கே விட்டுவிட்டேன். சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்க்க வருவார்கள். தொடக்கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

பெரிய கண்ணாடி அலமாரியின் நடுவில் ஒரு குட்டி நாற்காலி காலியாக இருக்கும். இங்கே யார் உட்காருவார்கள் என்று ஒவ்வொரு பிள்ளையும் கேட்கும். அய்பாலா என்பேன். என் சின்ன வயதுப் பொம்மை. நல்ல தொழிலாளி என்று என் அப்பாவைச் சுரங்கக்காரர்கள் பாராட்டியபோது, அவர் தனக்குக் கைக்கடிகாரம் வேண்டாம், மகளுக்குப் பொம்மை வேண்டும் என்று கேட்டு வாங்கிவந்தது. மூடித் திறக்கும் நீலக் கண்கள். மாடிப்படியில் விழுந்ததில் இடது காது மடல் கொஞ்சம் உடைந்திருக்கும். வீடு மாறியபோது தொலைந்துபோயிற்று. இதைத் தொலைக்காட்சியிலும் சொல்லியிருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அல்மாத்தியின் பழைய பொருள் சந்தையிலிருந்து ஓம்ஸ்க் வரை தேடியிருக்கிறேன். ஓம்ஸ்கில் ஒருவன் என் பேட்டியைப் பார்த்துவிட்டு, வேறு ஏதோ பொம்மையின் காதை அரத்தால் ராவி எனக்கு விற்றான். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் அவனிடம் சண்டைக்குப் போகவில்லை. அந்தப் பொம்மையை அடுப்பில் போட்டேன். அந்தக் காலத்துப் பொம்மைகள் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

எர்னா யாரென்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். சுரங்கக் குடியிருப்பில் எங்கள் அறைக்கும் அவர்கள் அறைக்கும் நடுவில் ஒரே சுவர். ஜெர்மன்காரக் குடும்பம். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. ஒன்றாகப் படித்தோம், ஒன்றாகத் தட்டம்மை வந்தது. எங்கள் பெரிய தேசம் பதினைந்து நாடுகளாகப் பிரிந்த சமயத்தில் அவர்கள் எல்லோரையும் போல ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். அதன்பிறகும் வருஷப் பிறப்புக்குத் தவறாமல் கூப்பிடுவாள். கசாக் மொழியை மறக்காமல் பேசுவாள். என் கணவர் இறந்தபோது நாள்தோறும் பேசினாள். அந்தத் தொலைக்காட்சிப் பேட்டியை நானே அவளுக்கு அனுப்பிவைத்தேன். தோழிதானே, சந்தோஷப்படுவாள் என்று.

பார்த்த கையோடு கூப்பிட்டாள். அழுகிற குரல். "அடி ஜவ்ரெஷ், அந்தப் பொம்மை எங்கிட்ட இருக்குடி. காது உடைஞ்ச அதே பொம்மை. நானே கொண்டுவந்து உன் கையில குடுக்கறேன்" என்றாள்.

அவளிடமே இருந்திருக்கிறது. இத்தனை வருஷம். நான் ஊர் ஊராக அலைந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும். ஏதோ ஒரு பொம்மையைத் தேடுகிறாய் என்று நினைத்தேன், இதைத்தான் தேடுகிறாய் என்று தெரியாது என்றாள். அதை நம்பவேண்டும் என்று முயற்சி செய்தேன். எடுத்துக்கொண்டு போனவள் திருப்பித் தர வருகிறாள், போகட்டும் என்று அந்தத் தொலைபேசியிலேயே அவளை மன்னித்துவிட்டேன். அவள் அதைக் கவனிக்கவில்லை.

நவம்பரில் வந்தாள். பருத்துப்போயிருந்தாள், இடுப்பு வலி வேறு. குழந்தைகளைத் துடைக்கிற துண்டில் சுற்றிப் பொம்மையைக் கைப்பையிலேயே கொண்டுவந்திருந்தாள். "லிஸல், பாரு, யார் வீட்டுக்கு வந்திருக்கோம்?" என்று அதனிடம் பேசினாள். அய்பாலாவுக்கு அவள் வேறு பெயர் வைத்திருந்தாள். அதையும் நான் பொறுத்துக்கொண்டேன். அய்பாலாவைப் படுக்கவைத்தேன், கண்ணை மூடினாள். நிமிர்த்தினேன், திறந்தாள். நாற்காலியில் உட்காரவைத்தபோது அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தினாள். என் வாழ்க்கையில் அன்று மத்தியானத்தைப் போல ஒரு மத்தியானம் இருந்ததில்லை.

சாயங்காலம் விருந்து வைத்தேன். பக்கத்து வீட்டு பாகித்தும் அவள் புருஷன் எர்மெக்கும் வந்தார்கள். சனிக்கிழமைகளில் பிள்ளைகளை அழைத்துவருகிற ஆசிரியை வந்தார். குதிரைக் கறி வேகவைத்து பெஷ்பர்மாக் செய்திருந்தேன். கறித்தட்டு நடுவில் வந்ததும் பாகித் சாதாரணமாகத்தான் கேட்டாள்: "எர்னா அக்கா, எங்க அக்காவோட பொம்மை உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

எர்னா சிரித்தாள். எனக்கு இன்னும் அந்தச் சிரிப்பு காதில் இருக்கிறது. கெட்ட சிரிப்பு இல்லை.

"எங்கிட்ட வர்றதென்ன, என்னுதுதானே அது! டிரெஸ்டன்ல இருந்த எங்க அத்தை பார்சல்ல அனுப்பினது. இவ இருக்காளே, ஞாயித்துக்கிழமையானா எங்க வாசல்ல வந்து நிப்பா. ஒண்ணும் கேக்க மாட்டா, சும்மா நிப்பா. எங்கம்மாதான், பாவம், அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் வெச்சிருக்கட்டும்பாங்க. சாயங்காலம் திருப்பி வாங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். விரலை ஒண்ணொண்ணாப் பிரிக்கணும்! ஒரு தடவை குடுக்க மாட்டேன்னு பொம்மையோட காதையே கடிச்சுட்டா. அந்தக் காதுதான் இது!"

எர்மெக் தொடையைத் தட்டிச் சிரித்தான். "அப்பவே பல்லு வேலை ஆரம்பிச்சுட்டாங்கன்னு சொல்லுங்க" என்றான். பாகித் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்போ டிவியில அப்பா வாங்கிட்டு வந்தாருன்னு சொன்னது, அக்கா?" என்றாள். ஆசிரியை சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டார். அவர்தான் சனிக்கிழமை பிள்ளைகளோடு வரவேண்டியவர்.

எர்னாவுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்திருக்க வேண்டும். என் தோளைச் சுற்றிக் கையைப் போட்டாள். "சின்னப் பிள்ளையில எல்லாருக்கும் இருக்கறதுதானே. டிவியில இவ அதைப் பத்திப் பேசறதைப் பாத்து அழுதுட்டேன். இவ்வளவு ஆசை வெச்சிருக்கறவகிட்டதான் அது இருக்கணும். அதான் பரிசாக் குடுத்துட்டேன்" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அந்த வார்த்தையை நீங்கள் யோசித்துப் பார்க்கவேண்டும், தம்பி. ஒருத்தியின் பொருளை அவளுக்கே பரிசாக எப்படிக் கொடுக்கமுடியும்? எடுத்தது ஒரு துரோகம் என்றால், கொடுத்தது அதைவிடப் பெரிய துரோகம். எடுத்தபோது பொம்மை மட்டும்தான் போயிற்று. கொடுத்தபோது என் அப்பா போய்விட்டார்.

மறுநாள் காலை டீ குடிக்கும்போது அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். இதை நீங்கள் கட்டாயம் எழுதவேண்டும்.

"எர்னா, நேத்து சொன்னது சும்மா தமாஷுக்குன்னு பாகித்கிட்டச் சொல்லிடு."

"எதுடி தமாஷ்?"

"பொம்மை உன்னுதுன்னு சொன்னது."

ரொட்டியைக் கீழே வைத்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். சண்டைக்கான பதில்களெல்லாம் என்னிடம் தயாராக இருந்தன.  அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரிடி. சொல்லிடறேன். உங்கப்பாதான் வாங்கினார், நான்தான் தூக்கிட்டுப் போயிட்டேன்னு சொல்றேன். திருடினேன்னே வேணும்னாலும் சொல்றேன். எனக்கென்ன, அடுத்த வாரம் ஊருக்குப் போகப்போறவ. உங்கப்பா குடிச்சுட்டு வந்து உங்களைப் படுத்தினதெல்லாம் சுவத்துக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேக்காமலா இருந்துச்சு? நீ ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்குப் புரியுது" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

ஒப்புக்கொள்ளாமல் இருந்திருந்தால் அவள் இன்று உயிரோடு இருப்பாள் என்றே நினைக்கிறேன். உண்மை என்பதற்காக அவள் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்காக ஒப்புக்கொண்டாள். வாசலில் நிற்கிற பெண்ணைப் பார்த்து, பாவம், கொஞ்ச நேரம் வைத்திருக்கட்டும் என்பவர்களின் முகம் அது. அந்த முகத்தோடு அவள் வருஷா வருஷம் எனக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கிறாள். எனக்குத்தான் தெரியவில்லை.

மத்தியானம் இடுப்பு வலிக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தேன். குளித்துவிட்டு முற்றத்து அறையில் படுக்கப் போனாள். அங்கே கரி அடுப்பு. முன்னாலேயே மூட்டிவைத்திருந்தேன். புகைப்போக்கியில் இருக்கும் தகட்டை மூடினால் சூடு வெளியே போகாது. ஆனால் கரி முழுக்க எரிந்து அடங்கிய பிறகுதான் மூடவேண்டும். முன்னாலேயே மூடினால் வாசனை தெரியாத விஷக்காற்று அறைக்குள் நிறைந்துவிடும். இது கரகந்தாவில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். எர்னாவுக்கும் ஒரு காலத்தில் தெரிந்திருந்தது.

போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். "கதவைச் சாத்திட்டுப் போடி, குளிருது" என்றாள், பாதித் தூக்கத்தில். கரியின் மேல் நீல நெருப்பு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. தகட்டை மூடினேன். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போடவில்லை. எழுந்து வந்திருந்தால் அவள் வந்திருக்கலாம்.

நான் அலமாரியைத் திறந்து அய்பாலாவை மடியில் வைத்துக்கொண்டு தலை வாரினேன். ஜெர்மனியில் யாரும் ஒழுங்காக வாரியிருக்கவில்லை. சிக்கெடுக்கவே நிறைய நேரம் ஆயிற்று. சாயங்காலம் வெளிச்சம் போனபிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பாகித் முற்றத்தில் உட்கார்ந்து அழுதாள். "அங்கெல்லாம் கேஸ்தானே, அக்கா. அடுப்பு பழக்கம் விட்டுப்போயிருக்கும். அவங்களே மூடியிருப்பாங்க" என்றாள். இருக்கும் என்றேன். உங்கள் ஆட்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள். இந்த ஊரில் குளிர்காலத்துக்குக் குளிர்காலம் நடப்பதுதானே. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை.

நான் பேசாமல் இருந்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது உங்கள் முகத்தில் தெரிகிறது. இருந்திருக்கலாம். ஆனால் பேசாமல் இருந்தால் பொம்மை அவள் மகளிடம் போகும். நீங்கள் சொன்ன வரியை எழுதினால் என்னிடம் வரும், எர்னா கொடுத்த பரிசாக. இரண்டிலும் அது எர்னாவுடையது. அதனால் இதை எழுதிக்கொள்ளுங்கள்: எர்னாவை நான்தான் கொன்றேன், தெரிந்தே செய்தேன். இனி இது குற்ற வழக்கு. அய்பாலா சாட்சிப் பொருளாக இந்த ஊரிலேயே இருப்பாள். வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

மகள் அனுப்பியது என்று இந்தப் புகைப்படத்தை என் முன்னால் தள்ளுகிறீர்கள். குடியிருப்பு வாசலில் இரண்டு சிறுமிகள். பொம்மை எர்னாவின் மடியில் இருக்கிறது. பக்கத்தில் நின்று அதன் காலைத் தொட்டுக்கொண்டிருப்பது நான்தான். நன்றாக நினைவிருக்கிறது. அன்று எர்னா அழுதாள். படம் எடுக்கிறவரை அவள் வைத்துக்கொள்ளட்டும் என்று நான்தான் கொடுத்தேன். திருப்பித் தருவதற்குத்தான் அவளுக்கு இத்தனை வருஷம் ஆகிவிட்டது.