எங்கள் போதகரின் குரலை நாங்கள் காத்த கதை

தலைமை ஏற்றிருப்பதோடு, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் ஒலிபெருக்கியை நம்பிக் கொடுக்கும் துணிவும் பெற்ற தலைவர் அவர்களே! மேடையை அணிசெய்யும் மூப்பர்களே! ஐந்து சபைகளிலிருந்து வந்து, ஒரே பந்தலின்கீழ் தோளோடு தோள் உரச அமர்ந்திருக்கும் பெரியோர்களே! வீட்டு வேலையை முடித்து, பிள்ளைகளைக் கிளப்பி, கணவன்மாரையும் கிளப்பி, இரண்டாவதுதான் கடினம் என்பதை அறிவேன், இங்கே வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையைத் தேவதூதர்களுக்கென்று ஒதுக்கிவிட்டுப் பின்னால் போய் ஒதுங்கியிருக்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பின் வணக்கம்.

"எல்லாரும் ஊழியர்" என்ற தலைப்பில் பேச அழைத்தார்கள். தலைப்பைப் பார்த்ததும், முன்பு ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. கேட்டவர் எனக்கு முடி வெட்டுகிறவர். கழுத்தில் துணியைக் கட்டி, காதோரம் கத்தியை வைத்துக்கொண்டு ஒருவர் கேட்டால் யாராலும் பொய் சொல்ல முடியாது.

"சார், உங்க சபையில ஊழியம் செய்யறவங்க எத்தனை பேரு?"

"ஒருத்தர்தாம்பா. எங்க போதகர்."

"அப்ப நீங்கள்லாம்?"

"நாங்க வந்து உட்கார்ந்திருப்போம்."

கத்தி நின்றது. "என் கடையிலயும் அப்படித்தான் சார். நான் ஒருத்தன் நிக்கறேன், பத்துப் பேரு உட்கார்ந்திருக்காங்க. ஆனா அவங்க தலையைக் குடுக்கறதுக்காவது ஒரு தடவை எந்திரிச்சு வருவாங்க!"

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலையை ஆட்டக்கூட முடியவில்லை; கத்தி இருந்தது.

எங்கள் சபை மிகச் சிறியது. கீழே டயர் கடை, மேலே நாங்கள். இரும்புப் படியேறி வரவேண்டும். மௌன ஜெபம் என்று கண்ணை மூடினால், கீழே காற்றடிக்கும் எந்திரம் 'புஸ்ஸ்' என்று பெருமூச்சு விடும். எங்களைவிட அதுதான் அதிகமாக மனந்திரும்பியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த மாடியிலே பூட்டைத் திறப்பவர் யார்? போதகர். நாற்காலிகளை விரித்துப் போடுபவர் யார்? போதகர். பாட்டைத் தொடங்குபவர், பாட்டு நடுவழியில் படுத்துவிட்டால் தூக்கி நிறுத்துபவர்? போதகர். குழாய் ஒழுகினால் கீழே வாளி வைப்பவர், சபையிலே ஒரு பிளம்பர் இருக்கும்போதே வாளி வைப்பவர், அவரும் போதகர்தான்!

அப்படியானால் நாங்கள் என்ன செய்தோம்? பிரசங்கம் நீளம் என்று சொன்னோம். அந்த ஒரு வேலையை மட்டும் நாங்கள் அவர் தலையில் கட்டவில்லை. ஒற்றுமையாக, ஒருமனதாக, ஒருவர் விடாமல் நாங்களே பகிர்ந்து செய்தோம்.

இப்படி இருக்கையிலே ஒரு ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவே போதகரின் குரல் கரகரத்தது, கம்மியது, காற்றாகிப் போனது. தொண்டையில் ஒரு சிறு கட்டி. அறுவைச் சிகிச்சை நடந்தது. இரண்டு மாதம் ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது, முணுமுணுப்பும் ஆகாது, மீறினால் குரல் திரும்பாமலே போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

குரல்தானே என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குச் சுண்ணக்கட்டி எப்படியோ, பிளம்பருக்கு ஸ்பானர் எப்படியோ, அப்படித்தான் அவருக்கு அந்தக் குரல். அவர் கையிலிருந்த ஒரே கருவி அது.

போதகரம்மா எங்கள் முன் வந்து நின்றார். அதிகம் பேசாதவர். அன்று பேசினார்.

"உங்க ஐயாவுக்கு ஒரு பழக்கம். ஒரு வேலை நடக்காம கெடந்தாலோ, கோணலா நடந்தாலோ வாய் தானா தெறந்துடும். டாக்டர் செய்யவேண்டியதைச் செஞ்சுட்டார். இனிமே இவர் குரல் உங்க கையிலதான் இருக்கு."

"அவரை வீட்டுலயே வெச்சுக்கலாமேம்மா?" என்று கேட்டார் எங்கள் பஸ் கண்டக்டர்.

"வீட்டுல நான் இருக்கேனே! எங்கிட்ட வாய் குடுக்காம இருப்பாரா? இங்கேன்னா காவலுக்கு நீங்க இத்தனை பேர் இருக்கீங்க."

நியாயம்தானே? தாய்மார்கள் பகுதியில் எல்லாத் தலைகளும் ஆடுகின்றன. நியாயம்தான்.

அடுத்த ஞாயிறு வந்தது. எங்கள் பொறுப்புணர்ச்சியைக் கேளுங்கள். திருவிருந்துக்கு அப்பம் வேண்டுமே, போதகரால் வாங்கிவர முடியுமோ முடியாதோ என்று கண்டக்டர் ஒரு ரொட்டி வாங்கி வந்தார். சலவைக்கடை அக்கா ஒரு ரொட்டி. பிளம்பர் ஒரு ரொட்டி, அவர் மனைவி தனியாக ஒன்று. நான் சும்மா வருவேனா? பெரிதாகவே வாங்கினேன். இரும்புப் படி முழுக்க ஆளுக்கொரு ரொட்டியோடு நிற்கிறோம். மேலே கதவு பூட்டியிருக்கிறது. சாவி எங்கே? ஒருவருக்கும் தெரியாது. சபைக்குச் சாவி என்று ஒன்று உண்டு என்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரியும்!

அப்போது பார்த்தால், தெருவிலே போதகர் ஓடி வருகிறார். கையைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டுகிறார். வாய் திறந்திருக்கிறது.

"ஐயோ, ஐயா பேசப்போறாரு!" என்று அலறினார் அக்கா.

"ஐயா, வேண்டாம்! சைகையும் பண்ணாதீங்க! கை ஆடினா வாயும் கூடவே வரும்!" இது கண்டக்டர்.

"அண்ணே, முதல்ல அந்தக் கையப் பிடிங்க!" பிளம்பரைப் பார்த்து மறுபடி அக்கா.

பிளம்பர் படியிலிருந்து பாய்ந்து இறங்கி, அவர் கையை இறுக்கிப் பிடித்துக் கீழே இறக்கினார். பாவம் போதகர், கண்ணாலே கெஞ்சினார். பிடித்த கைக்குள் என்ன இருந்தது?

சரியாகச் சொன்னீர்கள் அம்மா. சாவி!

அன்று போதகரம்மா எங்களை உட்காரவைத்தார். விருப்பமெல்லாம் கேட்கவில்லை, விரலை நீட்டினார், அவ்வளவுதான். "தம்பி, நீங்க வாசல்ல நின்னு வரவேற்கணும்." அது கண்டக்டர். "நீ பாட்டு." அது சலவைக்கடை அக்கா. "சார், நீங்க அறிவிப்பு. ரெண்டே நிமிஷம்." ரெண்டு நிமிடத்தில் நான் மூக்குக்கண்ணாடியைக்கூடத் துடைத்து முடித்ததில்லை. தலைவர் அவர்கள் தலையசைக்கிறார், புரிந்துகொண்டார். பிளம்பர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தரையைப் பார்க்கறீங்க? அங்க ஒண்ணும் ஒழுகல. நாலாவது ஞாயிறு பிரசங்கம் உங்களுது."

"அம்மா, எனக்குக் குழாய்தான் தெரியும்."

"அதுல என்ன வருதோ அதைக் குடுங்க."

கண்டக்டர் வாசலில் நின்ற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மெல்லப் புன்னகைத்து வரவேற்கத்தான் சொன்னோம். ஐந்து பேர் சேர்ந்து படியேறி வந்ததும் பழக்கம் வென்றுவிட்டது. "உள்ள போங்க, உள்ள போங்க! படியில நிக்காதீங்க! முன்னாடி எடம் காலியாத்தானே இருக்கு? அம்மா, கொஞ்சம் நகருங்க, மூணு பேர் உட்காரலாம்!" எத்தனை ஆண்டு வேண்டுகோளுக்கும் எத்தனை ஆண்டு விண்ணப்பத்துக்கும் அசையாத எங்கள் ஜனம், அன்று முண்டியடித்து முன்வரிசையை நிரப்பியது. இங்கே பின்னால் இருக்கும் தம்பிகளே, அவரை அழைத்துவரட்டுமா?

அக்கா பாட்டைத் தொடங்கினார். எந்தச் சுருதியில்? கூரைக்குப் பக்கத்துச் சுருதியில். முதல் வரியில் எல்லாரும் பாடினோம். இரண்டாம் வரியில் பாதிப் பேர். சரணத்தில் அக்காவும் ஆண்டவரும் மட்டும். சுவரோரம் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்த போதகரின் உதடு துடிக்கிறது. ஒரு அடி இறக்கிக் கொடுத்தால் போதும், இத்தனை பேரும் பிழைப்போம்! வாய் மெல்லத் திறக்கிறது. அக்கா பாட்டை அப்படியே நிறுத்தினார். "ஐயா, மூடுங்க! ஏத்தினது நான், நானே எறக்கிக்கறேன்!" இறக்கினார். எல்லாரும் பாடினோம். அன்று பாடினதைப்போல நாங்கள் அதற்குமுன் பாடினதில்லை. ஏன்? யாராவது நிறுத்தினால் ஐயா தொடங்கிவிடுவாரே என்ற பயம்!

இப்படிப் பயந்து பயந்து பழகினோம். பழகிப் பழகிப் பயம் தெளிந்தோம். அப்போதுதான் அந்த நாலாவது ஞாயிறு வந்தது. அந்த வாரம்தான் மருத்துவர் சொல்லியிருந்தார், "ஆறுகிற நேரம் இது. இப்போ ஒரு வார்த்தை பேசினாலும் ஆறினது கிழிஞ்சுடும்" என்று.

பிளம்பர் எழுந்தார். இஸ்திரி போட்ட சட்டை, அக்காவின் கைவேலை. கல்யாண வீட்டிலே தண்ணீர் திராட்சரசமான கதையை எடுத்துக்கொண்டார்.

"அற்புதம் செஞ்சது ஆண்டவரு. சரி. ஆறு பெரிய கல்சாடி. தண்ணி ரொப்பினது யாரு? அந்த ஊர்ல ஏது குழாய்? கிணத்துல எறைச்சு, தூக்கி, ஊத்தி... ஒரு சாடி ரொம்பறதுக்குள்ள முதுகு ஒடிஞ்சிருக்கும். ஆறு சாடி! அதுவும் விளிம்பு வரைக்கும் ரொப்பியிருக்கான். பாதியில 'இது போதும்'னு வெச்சிருந்தான்னா? பாதி ரசம்தான் கெடைச்சிருக்கும்! அந்த வேலைக்காரன் பேரு நமக்குத் தெரியாது. ஆனா..."

அந்த "ஆனா"வில் நின்றுவிட்டார்.

முழு மாடியும் அவரையே பார்க்கிறது. அவர் கை மேசையின் ஓரத்தைப் பிடித்துத் திருகுகிறது, அங்கே ஏதோ வால்வு இருப்பதுபோல. கீழே காற்றெந்திரம்கூட நின்றுவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தால், இன்னும் ஒரு நொடியில் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தால் மறுபடி எழவே மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. எத்தனை பிள்ளைகள் வகுப்பில் அப்படி நின்று நான் பார்த்திருக்கிறேன்!

சுவரோரம் போதகர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அடுத்த வரி அவருக்குத் தெரியும். ஒரு சொல் எடுத்துக் கொடுத்தால் அந்த மனிதர் கரையேறிவிடுவார். அந்த ஒரு சொல்லுக்கு விலை, தன் குரல். கொடுப்பாரா? அவரை நாங்கள் அறிவோம். கொடுத்துவிடுவார்! வாய் திறந்தது. மூச்சை உள்ளே இழுத்தார். போதகரம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான், முப்பது ஆண்டு எத்தனையோ பிள்ளைகளுக்கு வாயிலே வார்த்தையை எடுத்துக் கொடுத்தவன், கல்லாய் உட்கார்ந்திருக்கிறேன்!

வாசலிலிருந்து வந்தது ஒரு குரல்.

"போலாம், ரைட்!"

கண்டக்டர்! யோசித்துச் சொன்னதல்ல, நின்ற வண்டியைக் கண்டால் அவருக்கு அதுதான் வரும். மாடி குலுங்கச் சிரித்தோம். பிளம்பரும் சிரித்தார். சிரித்ததில் அடைப்பு நீங்கிவிட்டது.

"ஆனா அந்த ரசம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பந்தியில இருந்த பெரிய மனுஷனுக்குத் தெரியல. தண்ணி தூக்கினவனுக்குத் தெரிஞ்சுது. தூக்கினாத்தான் தெரியும். அவ்ளோதான்!" சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிரசங்கம் நீளம் என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை.

போதகர் வாயை மூடிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். சாய்ந்து உட்கார்ந்து அவரை நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு மாதமும் முடிந்தது. இனிப் பேசலாம் என்றார் மருத்துவர். ஆனால் குரல் இருக்கிறதா, போய்விட்டதா என்பது பேசினால்தானே தெரியும்? அந்த ஞாயிறு எல்லாரும் சீக்கிரமே வந்துவிட்டோம். பிரசங்க மேசை காலியாகக் காத்திருந்தது. போதகர் அந்தப் பக்கமே போகவில்லை. அதே சுவரோரம், அதே நாற்காலி. முன்னே வாருங்கள் என்று நான் கைகாட்டினேன். அவர் பதிலுக்கு அக்காவைக் காட்டினார். அன்று ஜெபிக்க வேண்டியவர் அக்கா.

அக்கா ஜெபித்தார். காய்ச்சலில் கிடக்கும் பிளம்பர் மனைவிக்காக, கீழே டயர் கடைக்காரருக்காக, தன் கடையில் கறை போகாத ஒரு வெள்ளைச் சட்டைக்காக. ஆமாம், சட்டைக்காகவும்தான். முடித்தார். அப்போது சுவரோரத்திலிருந்து, கரடுமுரடாக, துருப்பிடித்த கதவு திறப்பதுபோல ஒரு சத்தம்.

"ஆமென்."

அடுத்த நொடி நாங்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று ஒரே குரலில் கத்தினோம்: "ஐயா, பேசாதீங்க!"

"இன்னைக்குப் பேசலாம்! பேசலாம்! பேசட்டும் விடுங்க!" என்று போதகரம்மா அழுதுகொண்டே சிரித்தார்; சிரித்துக்கொண்டே அழுதார்.

அன்பு நிறைந்த சபையோரே! எண்ணிப் பாருங்கள். இத்தனை ஆண்டும் தான் ஏறெடுத்த ஜெபத்துக்குத் தானே ஆமென் சொல்லிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். குரல் திரும்பி வந்ததும் அவர் பேசிய முதல் சொல், இன்னொருவர் ஜெபத்துக்குச் சொன்ன ஆமென்! அதைவிடப் பெரிய பிரசங்கம் எது? அதைவிடச் சின்னப் பிரசங்கந்தான் எது?

வகுப்பறை உதாரணம் ஒன்று சொல்கிறேன். மேசையை நகர்த்த ஆறு பேரைக் கூப்பிடுவேன். நாலு பேர் தூக்குவார்கள். ஒருவன் "பார்த்து, பார்த்து" என்பான். ஆறாமவன் மேசைமேல் கையை வைத்துக்கொண்டு கூடவே நடப்பான். நாங்கள் அத்தனை பேரும் ஆறாமவனாக இருந்த சபை அது! தூக்கியது ஒரு தோள். தொட்டுக்கொண்டு நடந்தவை எல்லாக் கைகளும். இன்றோ எல்லாத் தோளிலும் கொஞ்சம் பாரம். எல்லா முகத்திலும் கொஞ்சம் சிரிப்பு. பாரம் பகிர்ந்தோம், பயம் பறந்தது. பணி பகிர்ந்தோம், பாட்டு பிறந்தது. ஒருவர் பேசிய மாடியிலே இன்று எல்லாரும் பேசுகிறோம். அறிவிப்பு மட்டும் இன்னும் இரண்டு நிமிடத்துக்குள் வரவில்லை.

"உங்கள் போதகர் இன்று ஏன் வரவில்லை?" என்று கேட்கிறார் அங்கே ஒரு பெரியவர். ஐயா, இந்த வாரம் ஜன்னல் துடைக்கும் முறை அவருடையது. மாற்றிக் கொடுக்கும்படி பிளம்பரிடம் கேட்டுப் பார்த்தார். பிளம்பர் மாட்டேன் என்றுவிட்டார். பிரசங்கம் தயாரிக்க வேண்டுமாம்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கைக்கடிகாரத்தை மூன்றே முறை பார்த்த தலைவர் அவர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணங்கி விடைபெறுமுன் வீட்டுப்பாடம் ஒன்று தருகிறேன். வரும் ஞாயிறு உங்கள் சபையில் எப்போதும் ஒரே ஆள் செய்துகொண்டிருக்கும் ஒரு வேலையைப் பாருங்கள். அவரிடம் போய், "இந்த வாரம் இதை நான் செய்யறேன், நீங்க உட்காருங்க" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அதைச் செய்யுங்கள்.