சேற்றில் நின்ற வண்டியும் நிற்காமல் போன சம்பந்தியம்மாவும்

பெயர்: பதிவுப் பெயரைக் காவல் நிலைய எழுத்தர் தனித்தாளில் எழுதிக்கொண்டார், அந்தப் பெயரில் விசாரித்தால் என் தெருவிலேயே என்னைக் கண்டுபிடிக்க முடியாது, 'பிரேக் மாஸ்டர்' என்று கேட்க வேண்டும். வயது: ஐம்பத்து மூன்று. தொழில்: கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. விலாசம்: ரொட்டிக்கடை மாடி, படிக்கட்டு வெளிப்பக்கம், முன்னறை பயிற்சிப் பள்ளி, பின்னறை வீடு.

நான் மேற்படி விலாசத்தில் என் மனைவியுடன் வசித்து வருகிறேன். பள்ளிக்குச் சொந்தமாக ஒரே ஒரு வெள்ளைக் கார் உள்ளது. அதில் ஓட்டக் கற்பவருக்கு உள்ளதுபோல், பக்கத்தில் உட்காரும் எனக்கும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் தனியாக உண்டு. கற்பவர் மிதிக்க மறந்தால் நான் மிதிப்பதற்காக வைத்தது. இத்தனை வருடங்களாக எல்லோரும் மறந்துகொண்டே இருக்கிறார்கள், நானும் மிதித்துக்கொண்டே இருக்கிறேன், பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது. இதைப் பதிவு செய்யும் எழுத்தர் ஐயாவும் என்னிடம் படித்து மூன்றாம் தடவையில் தேறியவர். அதை எழுத வேண்டாம் என்று அவர் சொன்னார். உண்மை முழுவதையும் சொல்லச் சொன்னவர் அவரே என்பதால் எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

இந்த விசாரணையில் சம்பந்தப்பட்ட பெண்மணி என் மகளை மணந்திருக்கும் மாப்பிள்ளையின் தாயார், அதாவது என் சம்பந்தியம்மா. அவருடைய கணவர், என் சம்பந்தி, ஒரு கிடங்கில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் வீட்டில் ஒரு சாம்பல் நிறக் கார் இருக்கிறது, அதைச் சம்பந்தி தவிர யாரும் தொடுவது கிடையாது. அவரை நான் குறை சொல்லவில்லை, தங்கமான மனிதர், ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் பேச்சு சூடு பிடிக்கிற நேரம் பார்த்துச் சாவியை ஆட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். சம்பந்தியம்மா என் பள்ளிக்கு வந்து சேர்ந்த அன்று காரணம் கேட்டதற்கு அவர் சொன்னது: "முப்பது வருஷமா எந்தக் கதைக்கும் எனக்கு முடிவு தெரியாது. எங்க அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரி புருஷனை விட்டுட்டுப் போனாளா, இல்ல அவனைத் துரத்திவிட்டாளான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. பேச்சு முடிஞ்சப்புறம் கிளம்பணும். அதுக்குத்தான் லைசென்ஸ்."

சம்பந்திக்குத் தெரியக்கூடாது என்பது ஏற்பாடு. வண்டிக்குள் உறவுமுறை சொல்லி அழைப்பதில்லை, நான் வெறும் மாஸ்டர் என்பதும் ஏற்பாடு. ஆனால் பெண்ணைக் கொடுத்தவன் வாய் அவ்வளவு சுலபத்தில் மாறாது. மற்றவர்களிடம் "கிளட்ச்ச விடுய்யா, அது என்ன உங்க தாத்தா சொத்தா?" என்று கத்துகிற நான், இவரிடம் "சம்பந்தியம்மா, தாங்கள் தயவுசெய்து அந்தக் கிளட்ச்சைக் கொஞ்சம்" என்று ஆரம்பித்து வாக்கியத்தை முடிப்பதற்குள் சுவர் வந்துவிடும். அதனால் வாயைச் சும்மா வைத்துக்கொண்டு காலையே நம்பி இவ்வளவு நாளும் பாடம் நடத்தி வந்தேன். வரும் திங்கட்கிழமை அவருக்கு ஓட்டுநர் தேர்வு.

இன்று சனிக்கிழமை, மதியம் அவர் வண்டியை எடுத்தார். நேற்று பெய்த மழையில் ரோடு ஈரமாக இருந்தது. சர்க்கரை ஆலை தாண்டியதும் எதிரே வெகு தூரத்தில் ஒரு சாம்பல் நிறக் கார் வருவதை நான் பார்த்தேன். அவர் எனக்கு முன்பே பார்த்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடியைப் பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், வேகத்தைக் குறைத்தார், உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே போகும் வண்டிப்பாதையில் திருப்பிவிட்டார். திட்டலாம் என்று நினைத்தேன், ஆனால் திருப்பியதில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் பாதையில் இருந்தது.

அதன்பிறகு வண்டி சிறிது தூரம் சென்று, பாதையின் பள்ளமான இடத்தில் முன்சக்கரங்கள் இரண்டும் சேற்றில் இறங்கி நின்றுவிட்டது. அதன்பிறகு அவர் முதல் கியரில் எடுக்க முயன்றார், எஞ்சின் அணைந்தது. அதன்பிறகு பின் கியரில் முயன்றார், அதுவும் அணைந்தது. அதன்பிறகு நான் சேற்றின் குணம், சக்கரத்தின் குணம், பதறாத மனத்தின் அவசியம் ஆகியவை பற்றி நீளமாக விளக்கினேன். அதன்பிறகு மீண்டும் அணைந்தது. சக்கரம் சுழன்றால் அல்லவா சேற்றைக் குறை சொல்லலாம், சக்கரம் அசையவே இல்லை. "கிளட்ச்சை இன்னும் கொஞ்சம் பக்குவமா விட்டீங்கன்னா" என்று நான் ஆரம்பித்தபோது அவர் சாவியைத் திருப்புவதை நிறுத்திவிட்டுக் கீழே குனிந்து பார்த்தார்.

"மாஸ்டர், உங்க காலு எங்க இருக்கு?"

நானும் குனிந்து பார்த்தேன். என் வலது கால், வீட்டுக்குப் போகச் சொன்னாலும் போகாத விருந்தாளி மாதிரி, என் பக்கத்துப் பிரேக்கின் மேல் முழுப் பாரத்தோடு உட்கார்ந்திருந்தது. அதை வைத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

"எடுங்க" என்றார். எடுத்தேன். அவர் கிளட்ச்சை விட்டார், வண்டி ஒரு முழம் ஏறியது. ஏறுகிறதே என்ற சந்தோஷத்தில் கால் மறுபடியும் போய் மிதித்துவிட்டது.

"இறங்குங்க."

"இல்ல சம்பந்தியம்மா, நான் இருக்கணும், சட்டப்படி நான் பக்கத்துல"

"சட்டம் இருக்கட்டும். உங்க கால் இருக்கற வரைக்கும் இந்த வண்டி வெளிய வராது. இறங்கித் தள்ளுங்க."

நான் இறங்கினேன். இறங்கியதும் வலது செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது, அது இன்னமும் அங்கேதான் இருக்கிறது. காலைப் பிடுங்கும்போது கணுக்காலும் சுளுக்கிக்கொண்டது. அதன்பிறகு வண்டிக்குள் கிடந்த ரப்பர் விரிப்புகளை எடுத்து முன்சக்கரங்களுக்கு அடியில் கொடுத்தேன். அதன்பிறகு பின்பக்கம் போய் நின்று, பள்ளி முதலாளி என்ற முறையில் உரக்க ஓர் உத்தரவு போட்டேன். அந்த உத்தரவை எழுத்தர் ஐயா சொல்லுக்குச் சொல் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். "கிளம்பிட்டா, என்ன ஆனாலும் நிறுத்தாதீங்க! நல்ல இடம் வர்ற வரைக்கும் நிறுத்தவே நிறுத்தாதீங்க!"

அதன்பிறகு நான் தள்ளினேன். சக்கரங்கள் சுழன்று வாரியடித்த சேற்றில் என் கண்ணாடி, மீசை, சட்டைப்பை எல்லாம் மூடிப்போயின. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது வண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தது. வளையாமல், திணறாமல், பாதையின் நடுவில் போனது. நான் நின்று ரசித்தேன். ரசித்தது தப்பு. வண்டி திரும்பவும் ரோட்டில் ஏறுகிற இடத்தில் இண்டிகேட்டர் மினுக்கியது. அப்போதுதான் ஓட ஆரம்பித்தேன். ஒரு செருப்போடு, சுளுக்கின காலோடு என்னால் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு ஓடினேன், அதாவது ஓடவில்லை.

அதன்பிறகு ரோட்டோரம் நின்ற என்னைப் பால் வேன்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டார். முன்னிருக்கை அழுக்காகும் என்று பின்னால் கேன்களோடு உட்காரச் சொன்னார். ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் இருந்த சன்னல் வழியாக எங்களுக்குள் நடந்த பேச்சு:

"வண்டி எங்கண்ணே?"

"போயிடுச்சுப்பா."

"யாரு கொண்டுட்டுப் போனது?"

"சம்பந்தியம்மா."

ஒரு கியர் மாற்றிவிட்டு, "பொண்ணக் குடுக்கறதுக்கு முன்னாடி விசாரிச்சிருக்கணும்ணே" என்றார்.

சம்பந்தியம்மா ஏன் நிறுத்தவில்லை என்பதை அவரே இங்கு விளக்கியிருக்கிறார், நானும் ஒப்புக்கொள்கிறேன். ரோடு ஏறும் இடத்தில் நிறுத்தக்கூடாது என்ற பலகை உண்டு. அதைத் தாண்டினால் வளைவு, அடுத்து பாலம், அடுத்து பள்ளிக்கூடம். எங்கெல்லாம் நிறுத்தக்கூடாது என்று நானே அவருக்குப் பாடம் நடத்தியிருந்தேன். நிறுத்தத் தகுந்த இடம் முதன்முதலாக வந்தது இந்தக் காவல் நிலையத்து வாசல்தான். கோட்டுக்குள் வண்டியை நேராக நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, வாசலில் நின்ற காவலரிடம் "இங்க நிறுத்தலாமா சார்?" என்றும் கேட்டிருக்கிறார். பழகுநர் பலகை மாட்டிய வண்டியில் பக்கத்தில் ஆள் இல்லாததைக் கண்டு, காவலர் "மாஸ்டர் எங்கம்மா?" என்று கேட்டதற்கு, "பின்னாடி வந்துட்டிருக்காரு" என்று சொன்னாராம். அதுவும் உண்மையே.

நிலையத்து வாசலில் பள்ளி வண்டியைக் கண்டு வேனை நிறுத்தச் சொல்லி நான் உள்ளே வந்தபோது அவர் பெஞ்சில் உட்கார்ந்து சாவியில் ஒட்டியிருந்த சேற்றைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். பல் இடுக்கு வரை துடைத்தார். உதவி ஆய்வாளர், பழகுநர் தனியாக ரோட்டில் ஓட்டியது குற்றம், வழக்குப் பதிந்தால் பழகுநர் உரிமம் ரத்தாகும், திங்கட்கிழமைத் தேர்வுக்குப் போக முடியாது என்று சொன்னார். சம்பந்தியம்மா துடைத்து முடித்த சாவியை மறுபடியும் முதலிலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.

ஆகவே நான் தெளிவாகச் சொல்வது: எஞ்சின் ஓடும்போது வண்டியை விட்டு இறங்கியது நான். நிறுத்தாதே என்று கத்தியது நான். அவர் செய்தது மாஸ்டர் சொன்னதைச் செய்தது மட்டுமே. அப்படி எழுதினால் குற்றம் என் மேல் திரும்பும், பள்ளியின் அனுமதியைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைப்பார்கள், யோசித்துச் சொல்லுங்கள் என்றார் உதவி ஆய்வாளர். யோசித்தேன். நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து, சொன்னதைச் சொன்னபடி செய்த முதல் ஆள் இவர். வலது பக்கம் திரும்பு என்றால் இடது பக்கம் திரும்பி, ஏன் என்று கேட்டால் அழுகிறவர்களோடு காலம் தள்ளியவனுக்கு இதன் அருமை தெரியும். (எழுத்தர் ஐயா இங்கே சிறிது நேரம் எழுதுவதை நிறுத்தினார்.) பள்ளியை மூடினால் மூடட்டும். என் மனைவி ரொம்ப நாளாகப் பரணை ஒழிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அதன்பிறகு, நிலையத்திலிருந்து தகவல் போனதால் சம்பந்தி வந்து சேர்ந்தார். வந்ததும் "வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார்.

"உங்க வண்டி இல்லைங்க" என்றார் உதவி ஆய்வாளர்.

"அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்று திரும்பியவர் மனைவியைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். "நீ ஓட்டுனியா?"

"ஆமா."

"ரோட்டு மேலயா?"

"பின்ன, வானத்து மேலயா?"

சம்பந்தி பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். நான் என் மகளை நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு அவர் உதவி ஆய்வாளரிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "மத்தியானம் ஆலைப் பக்கம் ஒரு வெள்ளைக் கார் வயல்ல திரும்பினதைப் பார்த்தேன் சார். இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைச்சு, ஒழுங்காத் திரும்புச்சு. இந்தக் காலத்துல இப்படி ஓட்டறவன் ஒருத்தன் இருக்கானேன்னு நினைச்சுட்டுப் போனேன்."

"ஒருத்தன் இல்ல" என்றார் சம்பந்தியம்மா.

அதன்பிறகு உதவி ஆய்வாளர், அம்மையார் மீது வழக்கு இல்லை, எச்சரிக்கை மட்டும், திங்கட்கிழமை தேர்வுக்குப் போகலாம், மாஸ்டர் விவகாரத்தைப் போக்குவரத்து அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்று அறிவித்தார். எனக்குச் சம்மதம்.

பாக்கி இருந்தது பள்ளி வண்டியை யார் வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது. என் வலது கால் பூசணி மாதிரி வீங்கியிருக்கிறது. உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால் பழகுநர் ஓட்டலாம் என்று உதவி ஆய்வாளர் நினைவுபடுத்தினார். எல்லோரும் சம்பந்தியைப் பார்த்தோம். அவர் அந்தப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்ததே இல்லையாம். உட்காரச் சம்மதித்தார். இருவரும் சாம்பல் நிறக் காரை நாளைக்கு வந்து எடுத்துக்கொள்வார்கள். நான் பின்னிருக்கையில் வருகிறேன்.

ஆனால் அந்த இருக்கைக்கு முன்னால் ஒரு பிரேக் இருப்பதால், வீடு சேரும் வரை சம்பந்தி இரண்டு காலையும் மடக்கிச் சம்மணம் போட்டுத்தான் உட்கார வேண்டும், இப்போதே இங்கே பெஞ்சில் அப்படி உட்கார்ந்து காட்டாவிட்டால் இந்தத் தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று நான் நிபந்தனை வைத்தேன்.

"நான் என்ன குழந்தையா சம்பந்தி?"

"எனக்கே அந்தப் பிரேக்கைப் பார்த்தா கால் அடங்கல. உங்களுக்கு எப்படி அடங்கும்?"

"முட்டி வலிக்கும்."

"வலிச்சா சொல்லுங்க" என்றார் சம்பந்தியம்மா. "நல்ல இடம் வந்தா நிறுத்தறேன்."

மேலே உள்ளதை யாரும் மிரட்டாமலும் சொல்லிக்கொடுக்காமலும் நானே சொன்னேன். எழுத்தர் ஐயா வாசித்துக் காட்டக் கேட்டேன். நடந்தது நடந்தபடியே இருக்கிறது. நிபந்தனை நிறைவேறியதை நேரில் பார்த்த பிறகே கையெழுத்திடுகிறேன்.

(கையொப்பம்)
பிரேக் மாஸ்டர்

சாட்சி: சம்பந்தி
(நிலையத்து பெஞ்சில் சம்மணமிட்ட நிலையில் கையெழுத்திட்டது.)