படிக்கட்டுக்குப் பேரு ஆப்பிள்

இல்ல கண்ணு, உன் ஞாபக சோதனைத் தாள்ல அதுக்குத் தப்பு போடாத. படிக்கட்டுப் படத்தக் காட்டின, எங்க வீட்டுக்காரரு ஆப்பிள்னாரு. எங்க சந்தைப் பேச்சுல அது கரெக்ட்டுதான். சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன். ஸ்டேர்ஸுக்குச் சத்தம் ஒத்து வர்ற மாதிரி ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ், ஆப்பிளும் பேரிக்காயும்னு ரெண்டு பழத்தச் சேர்க்கறது. அப்புறம் அந்த ஒத்து வர்ற பழத்தையே வெட்டிப் போட்டுட்டு வெறும் ஆப்பிள்ஸ்னு சொல்றது.

எதுக்கா? கடை முன்னாடி நிக்கிறவங்களுக்குப் புரியக் கூடாதுல்ல. நேத்து மீன இன்னிக்குத் தள்ளிவிடணும்னா கடையாளுங்க தங்களுக்குள்ள எப்படிப் பேசிக்கிறதாம்? ரோமன் ரோட்டுச் சந்தையில மீன் வித்த மனுசன், வேற எப்படிப் பேசுவாரு?

போனக் காட்டினதுக்கு நாய்னாரா? அதுவும் சரி. டாக் அண்ட் போன், நாயும் எலும்பும். டீக்கு ரோஸி. ரோஸி லீ, டீ. ஒத்து வருதா இல்லையா? டிக் போடு.

நீ எந்த ஊரு? லீட்ஸா? அட, நீயே எங்க பேச்சுத்தான் பேசுற. உள்ள நுழைஞ்சதும் என்ன சொன்ன? வீட்ட ஒரு புட்சர்ஸ் பாத்துக்கறேன்ன. கறிக்கடைக்காரன் கொக்கி, ஹுக். லுக்குக்கு ஒத்து வரும். வாயால புர்ருனு ஊதறத ராஸ்பெரின்னு பெரிய மனுசங்கல்லாம் சொல்றாங்களே, அது ராஸ்பெரி டார்ட். டார்ட்டு எந்த அசிங்கமான சத்தத்துக்கு ஒத்து வரும்னு நீயே யோசிச்சுக்கோ, என் வாயால சொல்ல வைக்காத. ஊரே பேசலாம், நீ பேசலாம், எங்க வீட்டுக்காரரு சிரில் பேசினா மட்டும் மூளை கலங்கிடுச்சா?

ஐயோ, கோவமெல்லாம் இல்லம்மா. பயமா இருக்கு. மார்க்கு கொறஞ்சா இவர இனிமே வீட்டுல வெச்சுக்க முடியாதுன்னு எழுதி, முதியோர் ஹோமுக்குக் கூட்டிட்டுப் போயிடுவீங்க. அங்க யாருக்கு இவரு பேச்சு புரியும்? ரோஸி வேணும்னு கேப்பாரு. அவங்க ரோஸின்னு எவளோ ஒருத்தியத் தேடிட்டு இருப்பாங்க. தொண்டை காஞ்சு கெடப்பாரு மனுசன்.

என்னையா? என்னை எப்படிக் கூப்பிடுவாருன்னா கேக்குற? ட்ரபிள். ட்ரபிள் அண்ட் ஸ்ட்ரைஃப், தொல்லையும் சண்டையும். வைஃபுக்கு ஒத்து வரும். கல்யாணமான நாள்லேருந்து அதான் என் பேரு. மொரீன்னு அவரு வாய்லேருந்து வந்ததே இல்ல. சந்தையில அத்தனை பேரு முன்னாடியும், அதோ என் ட்ரபிள் வர்றா பாருன்னு கத்துவாரு. எனக்கு வெக்கமா இருக்கும், உள்ளுக்குள்ள புடிக்கும்.

இப்பவுமா? சொல்றாரே. காலைல கூடச் சொன்னாரு. டீ கொண்டாந்து குடுத்தேன். ரொம்ப நன்றி மேடம்னாரு. அப்புறம் வாசக் கதவையே பாத்துட்டு, நீங்க கெளம்பிடுங்க மேடம், என் ட்ரபிள் வர்ற நேரமாச்சு, யாரோ ஒரு பொம்பள வீட்டுல இருந்தா அவ மனசு கஷ்டப்படும்னாரு.

அந்தச் சொல்லு சரியாத்தான வருது கண்ணு? டிக் போட்டுக்கோ.