டப்பாவுக்குள் புளியங்கொட்டை

"சத்து மாத்திரை சாப்புட்டுத்தான் மதினி என் சத்தே போச்சு."

அரிமளத்திலிருந்து புதுக்கோட்டை போகும் பேருந்தில் முன் சீட்டு அம்மாள் இப்படிச் சொன்னதும் எனக்கு விழிப்பு வந்துவிட்டது. ஆனாலும் தூங்குவதாகவே நடித்தேன். நான் ஒழுங்காகச் செய்யும் ஒரே வேலை அதுதான்.

"கொழுப்புக்கு மாத்திரை குடுத்த டாக்டருகிட்ட இதைச் சொல்லலையா நீ?" என்றார் மதினி.

"வேற மாத்திரை போடுறீங்களான்னு கேட்டாரு. இல்லைன்னுட்டேன். மகன் துபாயிலேருந்து ஆசையா அனுப்புனது மதினி, அதைப் போயி மாத்திரைன்னு சொல்லுவாகளா?"

"இப்ப என்னங்கிறாரு?"

"நேத்துதான் சொன்னேன். ரெண்டும் சேந்து சதையை அரிச்சிருச்சாம். ரெண்டையும் நிறுத்தச் சொல்லிட்டாரு. மூத்திரம் கருப்பாப் போகுதுல்ல, கிட்னி கெட்டுருச்சான்னு இன்னைக்குப் பாக்கணுமாம். டப்பாவையும் கொண்டாரச் சொன்னாரு."

"மகங்கிட்ட சொன்னியா?"

"எப்புடிச் சொல்ல? தெனமும் போன்ல மொகத்தைப் பாத்து, 'மாத்திரை போட்டியாம்மா'ங்கிறான். நேத்து மாத்திரையக் கொட்டிட்டு, டப்பாவுக்குள்ள புளியங்கொட்டையப் போட்டு ஆட்டிக் காட்டுனேன். சிரிக்கிறான்."

"அடிப் பாவி!"

"அடுத்த மாசம் வாரான். இன்னும் ரெண்டு டப்பா வாங்கியிருக்கானாம். அவன் வாரப்ப வாசல் வரைக்குமாவது நான் நடக்கணும் மதினி."

ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. மதினி முதலில் இறங்கிக் கை நீட்டினார். அந்த அம்மாள் தன் காலை இரண்டு கையாலும் தூக்கிப் படியில் வைத்தார். ஒவ்வொரு படிக்கும் அவர் பைக்குள் புளியங்கொட்டை கலகலத்தது.