பள்ளத்துலயே வுடுங்கண்ணே

பிள்ளைகளே, நம் கொல்லைக் குட்டையில் மீன் துள்ளுகிறதென்றால் அதற்கு ஒரு பஸ் பேச்சுதான் காரணம்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலம். கள்ளக்குறிச்சியிலிருந்து மலைப்பக்கம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் கரியாலூர்க்கார அம்மா ஒருவர் அலுமினியக் குண்டானை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"டிரைவரண்ணே, பள்ளத்துலயே வுடுங்கண்ணே!"

"இன்னாம்மா, எல்லாரும் பள்ளத்த ஒதுக்கச் சொல்லுவாங்க!"

"உள்ள மீன் குஞ்சுங்க. தண்ணி குலுங்கினாத்தான் அதுங்களுக்கு மூச்சு. எங்க குட்டையில வுடணும். புள்ளைங்க களியோட மீன் துன்னட்டும்."

சற்றுத் தூரத்தில் போராட்டக்காரர்கள் வெட்டிப்போட்ட மரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. பஸ் நின்றது, தண்ணீரும் நின்றது. குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்தன. அந்த அம்மா கையால் தண்ணீரை அடித்துக்கொண்டே, மரத்தருகே நின்ற இளைஞனைக் கூப்பிட்டார்.

"எப்பப்பா வழி வுடுவீங்க?"

"எங்க புள்ளைங்களுக்குப் படிப்பு, வேலை வோணும்க்கா. அதுக்குத்தான்."

"கேளுப்பா, நல்லா கேளு. என் புள்ளைங்களுக்குச் சோறு வோணும். கை ஓஞ்சிபோச்சி, கொஞ்ச நேரம் நீ அடி."

அவன் ஏறி வந்து குண்டானில் கையை விட்டான். கொஞ்ச நேரத்தில் முனகினான்.

"மரம் வெட்டினதே தேவலாம்க்கா!"

பஸ்ஸே சிரித்தது. அவன் ஜன்னல் வழியே கத்தினான்.

"டேய், மரத்தப் பொரட்டுங்கடா! இந்த பஸ்ஸு மட்டும் போவட்டும்."

பஸ் கிளம்பியதும், கீழே நின்று "பள்ளத்துலயே வுடுங்கண்ணே!" என்று கூவியவனும் அவன்தான்.

அன்று வீடு திரும்பியதும், யாரிடமும் சொல்லாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், முதல் கூடை மண்ணை வெட்டினேன்.