அருகில் இருக்கும் ஒருவர்

அந்த நாற்காலியில் உட்காருங்கள். பிளாஸ்டிக் உறையைப் பிரித்துவிடலாம், தவறில்லை. ஆறு வருடங்களாக அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. கதவில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, மேசை இருக்கிறது, தொலைபேசிகூட இருக்கிறது. ஊழியர்கள்தான் கிடையாது. இந்த மாடியிலுள்ள பதினொரு அறைகளும் இப்படித்தான். கிழக்கு டெக்சாஸில் ஓர் அறை இருந்தால் கிழக்கு டெக்சாஸ் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். இங்குள்ள ஜூரிகள் காப்புரிமை என்ற சொல்லைக் கேட்டாலே தொப்பியைக் கழற்றிவிடுகிற நல்ல மனிதர்கள். வழக்கறிஞர் கழகத்தின் விசாரணை அதிகாரி நீங்கள். அறையைப் பூட்டி வைப்பது குற்றமில்லை என்று உங்களுக்கே தெரியும்.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். நான் சொற்களை நீக்குகிறவன்.

கார்டன் பிளைத் என்று ஒருவர் டல்லாஸில் பீட்சா கடை வைத்திருந்தார். 1998இல், ஆர்டர் வந்ததும் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ஓட்டுநரின் பேஜருக்குச் செய்தி போகிற மாதிரி ஒரு மென்பொருள் எழுதச் சொல்லி, அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அது ஒழுங்காக ஓடவே இல்லை. பீட்சாக்கள் ஆறிப்போயின, கடை மூழ்கியது. விண்ணப்பத்தை எங்கள் நிறுவனம் வாங்கியது.

காப்புரிமை விண்ணப்பத்தை மூட வேண்டிய அவசியமில்லை என்பது பலருக்குத் தெரியாது. திறந்தே வைத்திருக்கலாம். பிற்பாடு வேறு யாராவது உருப்படியாக எதையாவது செய்தால், அதற்குப் பொருந்துகிற மாதிரி ஒரு புதிய வாக்கியத்தை அதில் சேர்க்கலாம். தேதி மட்டும் பழைய தேதியாகவே இருக்கும். சட்டம் அப்படி. சட்டத்தை நான் எழுதவில்லை.

நேரம் வந்தபோது நான் பீட்சாவை நீக்கினேன். காரை நீக்கினேன். ஓட்டுநரை நீக்கினேன். பேஜர் ‘ஒரு கருவி’ ஆனது. மிஞ்சியது இவ்வளவுதான்: ‘ஒரு தேவை எழும்போது, அருகில் இருக்கும் ஒருவரைக் கண்டறிந்து, அவரிடமுள்ள கருவிக்குச் செய்தி அனுப்பும் முறை.’ அழகான வாக்கியம். வர்ஜீனியாவிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் ஒரு பரிசோதகர், வாரத்துக்கு இத்தனை கோப்பு என்று முடித்தாக வேண்டியவர், அதை மதிய உணவுக்கு முன் படித்து ஒப்புதல் கொடுத்திருப்பார்.

இப்போது டார்லா ஹக்கபி. மாவட்ட அவசர அழைப்பு அறையில் தொலைபேசி எடுப்பவள். எங்கள் மெதடிஸ்ட் திருச்சபைக்காரி. இந்தப் பக்கமெல்லாம் ஆம்புலன்ஸில் போவது தன்னார்வலர்கள்தான். பண்ணை வேலை, கடை வேலை என்று சிதறிக் கிடப்பவர்கள். டார்லா தானே படித்து ஒரு மென்பொருள் எழுதினாள். யாருக்காவது நெஞ்சுவலி என்று அழைப்பு வந்தால், மிக அருகில் இருக்கும் தன்னார்வலரின் போன் அலறும். மூன்று மாவட்டங்களுக்கு இலவசமாகக் கொடுத்திருந்தாள். இலவசமாகக் கொடுப்பவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. தாங்கள் என்ன வைத்திருக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஆராதனை முடிந்து திருச்சபைக் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உருளைக்கிழங்கு சாலட் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மிஸ்டர் வெண்டல், சாப்பாட்டு நேரத்துல வேலைப் பேச்சான்னு திட்டாதீங்க. இந்தக் காப்புரிமைக்காரங்க யாராச்சும் என்மேல பாய்வாங்களா?”

எதிரே வெர்னன் ஸ்டோக்ஸ். கால்நடைத் தீவனக் கடைக்காரர், காணிக்கைத் தட்டு ஏந்துபவர். “யாருகிட்ட கேக்குற பாரு! முதலைகிட்டப் போயி ஆத்துல இறங்கலாமான்னு கேக்குற” என்றார். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மென்பொருள் எப்படி ஓடுகிறது என்று காகிதக் கைக்குட்டையில் வரைந்து காட்டினாள். நான் மூன்று கேள்விகள் கேட்டேன். “அடேங்கப்பா, இப்படி யாரும் என்னைக் கேட்டதே இல்ல” என்று மகிழ்ந்துபோனாள்.

“இதுக்கு உரிமை யாருகிட்டயும் இல்ல, டார்லா. நிம்மதியாத் தூங்கு” என்றேன்.

மறு வாரம் பீக்கன் கொட்டை வைத்துச் சுட்ட இனிப்புப் பண்டம் ஒன்று செய்து கொண்டுவந்தாள். கொஞ்சம் இனிப்பு அதிகம்.

பதினோரு மாதத்தில் காப்புரிமை கிடைத்தது. மறுநாளே டார்லாமீது வழக்கு, மூன்று மாவட்டங்களுக்கும் கடிதம். அவள் எங்கள் இலக்கே அல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இலக்கு மூன்று பெரிய நிறுவனங்கள். ‘இதோ, ஒருவர் எங்கள் உரிமையை ஏற்று உரிமம் வாங்கியிருக்கிறார்’ என்று அவர்களிடம் காட்ட ஒரு கையெழுத்து வேண்டும். அவள் ஒரு கையெழுத்து. வருடத்துக்கு ஒரே ஒரு டாலர்தான் கேட்டேன்.

இந்த அறைக்கு வந்தாள். நின்றுகொண்டே சுற்றிப் பார்த்தாள்.

“இங்க யாருமே இல்லையே, மிஸ்டர் வெண்டல். இவங்களா இதைக் கண்டுபிடிச்சாங்க?”

“ஒரு டாலர்தான், டார்லா.”

“ஒரு டாலர் குடுத்துட்டு, இது என்னோடது இல்லன்னு எழுதிக் குடுக்கணும். அதானே?”

யோசிக்க ஒரு வாரம் கேட்டாள். பெருந்தன்மையாகக் கொடுத்தேன். ஆனால் மாவட்ட நிர்வாகிகள் தங்கள் நிழலுக்கே பயப்படுகிறவர்கள். கடிதம் பார்த்த அன்றே மென்பொருளை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தச் சொன்னது என் கடிதம்தான். ஆனால் விசையை அழுத்தியது நான் அல்ல.

அந்த வாரம் வியாழக்கிழமை காலை, முடிவெட்டும் கடையில் இருந்தேன். பக்கத்து நாற்காலியில் டஸ்டின் க்ரோ, தன்னார்வலன். கண்ணாடியில் தெருவின் எதிர்ப்புறம் தெரிந்தது: வெர்னனின் தீவனக் கடை.

“என்னடா, உன் போன் ஊமையாயிடுச்சா? முன்னெல்லாம் பாதி வெட்டுல எழுந்து ஓடுவ” என்றார் முடிவெட்டும் எர்ல்.

“வக்கீலுங்க புண்ணியம். இப்ப நாலு நாளா மனுசன் மாதிரி முடிவெட்டிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, டஸ்டின் என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். நான் பொருட்படுத்தவில்லை.

அப்போது எதிர்க் கடைக்குள் வெர்னன் நெஞ்சுவலியோடு தரையில் கிடந்தார். தனியாக இருந்தவர், அழைப்பு அறைக்குத் தானே போன் செய்திருக்கிறார். எடுத்தவள் டார்லா. அவள் பழைய முறைப்படி ஆம்புலன்ஸ் நிலையத்துக்கும் தன்னார்வலர்களின் பேஜர்களுக்கும் அறிவித்தாள். நிலையம் ஒன்பது மைல். டஸ்டினின் பேஜர் அவனுடைய வண்டிக்குள், வண்டி தெருக்கோடியில். இருபத்தாறு நிமிடம் கழித்து ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது, டஸ்டின் கழுத்தில் கட்டிய துணியோடு தெருவைக் கடந்தான். பதினெட்டு காலடிகள். பிறகு நான் எண்ணிப் பார்த்தேன், எனக்குத் துல்லியம் பிடிக்கும்.

வெர்னனின் துக்க வீட்டுக்குப் பன்றித் தொடை வாட்டி எடுத்துப் போனேன். கல்லறையிலிருந்து திரும்பும்போது, கார் நிறுத்துமிடத்தில், டார்லா உரிமத் தாளை வாங்கிப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். “போனை உடனே அலற விடுங்க” என்றாள். அவ்வளவுதான் பேசினாள். அன்று மாலையே மென்பொருள் திரும்ப ஓடியது. பெரிய நிறுவனங்கள் மூன்றும் அடுத்த மாதம் சமரசத்துக்கு வந்தன.

நான் அவளுடைய நம்பிக்கையைத் திருடினேன் என்று புகாரில் எழுதியிருக்கிறாள். அவள் என் கட்சிக்காரி அல்ல. கட்டணம் கொடுக்கவில்லை, கொட்டைப் பண்டத்தைக் கட்டணம் என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. கைக்குட்டையா? என் இழுப்பறையில் இருக்கிறது. சுத்தமாக வரைந்திருந்தாள், எறிய மனம் வரவில்லை. கணினியில் அந்த வாக்கியத்தை எழுதிய தேதியை நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள், உங்கள் முகத்தில் தெரிகிறது. நான் மறைக்கப்போவதில்லை.

கூடத்தில் நான் அவளிடம் சொன்னது முழு உண்மை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைத் தடுக்க உலகத்தில் யாரிடமும் ஒரு வரிகூட இல்லை. பிளைத்தின் விண்ணப்பத்தில் அன்று பீட்சா மட்டுமே இருந்தது. கைக்குட்டையைப் பக்கத்தில் விரித்து வைத்து நான் எழுத உட்கார்ந்தது மறுநாள் காலை எட்டு மணிக்கு.

ஓய்வுநாளில் நான் வேலை செய்வதில்லை.